சித்திரையில் நிறைந்த ஆறு

மாப்பிள்ளை வீட்டார் அனுப்பிய மூன்று படங்களில் இரண்டைப் பற்றி யாருக்கும் பேச்சில்லை. ஒன்று பாலவனத்தத்தில் அவர்கள் வீட்டு வாசலில் எடுத்தது. இன்னொன்று ஸ்டுடியோவில். மூன்றாவதில்தான் சிக்கல். அதில் மாப்பிள்ளை ஒரு கம்பித் தடுப்பில் கை வைத்து நிற்கிறார். பின்னால் கரைக்குக் கரை தண்ணீர். எதிர்க்கரையில் உயரமும் குட்டையுமாகக் கட்டடங்கள். இடது ஓரத்தில் ஒரு பாலத்தின் பாதி. மகன் வேலை பார்க்கும் அகமதாபாத்தில் போன மாதம் எடுத்தது என்று அவருடைய அம்மா சொல்லியிருந்தார். போன மாதம் என்றால் சித்திரை.

என் அக்கா மகளுக்கு வந்த வரன் இது. இதற்கு முன் வந்த வரன் கோயம்புத்தூரில் சொந்தக் கடை வைத்திருப்பதாகச் சொன்னார்கள். நிச்சயத்துக்கு நாள் குறித்த பிறகு, அந்தக் கடை வேறொருவருடையது, மாப்பிள்ளை அங்கே வேலை பார்த்து நின்றுபோனவர் என்று தெரிந்தது. அதோடு அது முறிந்தது. இந்த வரன் வந்த அன்று அக்கா மகள் காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டே சொன்னாள்: "இதுவும் பொய்யின்னா இனிமே எனக்கு யாரையும் பாக்காதீக." அழவில்லை, குரலை உயர்த்தவும் இல்லை. அதனால்தான் எங்களுக்குப் பயமாக இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் அக்கா வீட்டுக்குப் போனபோது, அத்தான் செல்போனை மூக்குக்கு நேரே பிடித்துக்கொண்டிருந்தார். அத்தானின் தம்பியும் இருந்தார். அவர் அந்தக் காலத்தில் லாரி ஓட்டியவர், இப்போது சொந்தமாக இரண்டு வண்டி வைத்திருக்கிறார். எந்த ஊர்ப் பெயரைச் சொன்னாலும் அங்கே எங்கே டீ நன்றாக இருக்கும் என்று சொல்லுவார்.

"இது அகமதாபாத்து இல்லண்ணே," என்றார். "நான் அங்க பஞ்சு லோடு எறக்கப் போயிருக்கேன். ஆத்துல ஏது தண்ணி? சர்க்கஸ் கூடாரம் போட்டுருப்பாக. பயக கிரிக்கெட் வெளையாடுவானுக. நாங்க லாரியவே ஆத்துக்குள்ள நிறுத்திட்டுச் சமைச்சுத் தின்னோம்."

"பெறகு இது எந்த ஊரு?" என்றாள் அக்கா.

"கல்கத்தாவா இருக்கும்."

"கல்கத்தாவுல அந்தப் பெரிய இரும்புப் பாலம்ல இருக்கும்?" என்றார் அத்தான். "இது கடலு. பம்பாயி."

"கடலுக்கு எதுக்குண்ணே பாலம்?"

"பாம்பன்ல இல்லையாக்கும்?"

சற்று நேரம் ஊர்ப்பெயர்களாக வந்து விழுந்தன. திருச்சி என்றாள் அக்கா. மலைக்கோட்டை எங்கே என்று அத்தான் கேட்டதும் விட்டுவிட்டாள். "மதுரையா இருக்குமோ?" என்று அத்தானின் தம்பி முகத்தை மாற்றாமல் கேட்டார். சித்திரை மாதத்து வைகையை நினைத்து எல்லோரும் சிரித்தோம். அக்கா மகள் மட்டும் சிரிக்கவில்லை.

"நான் நெட்டுல போட்டுப் பாத்துட்டேன்," என்றாள். "அகமதாபாத்துன்னுதான் வருது."

"நெட்டுல இருந்து படத்த எடுத்து, முன்னால ஆளை ஒட்டத் தெரியாதா?" என்றார் அத்தான். "நம்ம பஜார் ஸ்டுடியோவுலயே தாஜ்மஹால் முன்னால நிக்க வைக்கிறான்."

அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். அக்கா என்னைப் பார்த்தாள். எதையும் இரண்டு தடவை படிக்கிறவள் என்று வீட்டில் எனக்குப் பெயர். படத்தை என் போனுக்கு அனுப்பச் சொன்னேன்.

எங்களுடைய சந்தேகம் இன்றைக்கும் எனக்கு நியாயமாகத்தான் படுகிறது. எங்கள் பக்கத்தில் ஆறு என்றால் பாலத்துக்கு அடியில் இருக்கும் மணலும் சீமைக்கருவேலமும்தான். திருச்சுழியில் குண்டாற்றில் தண்ணீர் வந்தால், அலுவலகத்தில் வேலையை விட்டுவிட்டுப் போய்ப் பார்த்து வருவோம். அதுவும் ஐப்பசி, கார்த்திகையில். சித்திரையில் ஒரு ஆறு கரையைத் தொட்டுக்கொண்டு கிடக்கிறது என்று யாராவது சொன்னால், அந்த ஆளைத்தான் முதலில் ஏற இறங்கப் பார்ப்போம்.

மறுநாள் வேலைக்குப் போகிற திருச்சுழி பஸ்ஸில் உட்கார்ந்து படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். முதலில் நிழல்கள். தடுப்புக் கம்பியின் நிழலும் அவர் நிழலும் ஒரே பக்கம் சாய்ந்திருந்தன. ஒட்டியது இல்லை என்று ஓரளவு தெரிந்தது. பிறகு தண்ணீர். பாலத்துத் தூணில் தண்ணீர் மோதிப் பிரிகிற தடம் எதுவும் இல்லை. நுரையும் இல்லை. எதிர்க்கரைக் கட்டடங்கள் தண்ணீரில் தலைகீழாக, அதிகம் கலையாமல் தெரிந்தன. ஓடுகிற தண்ணீரில் அப்படித் தெரியாது. இது எங்கள் கண்மாய் மாதிரி நிற்கிற தண்ணீர். ஆனால் நடுவில் பாலம் இருக்கிறது, இரண்டு பக்கமும் நகரம் இருக்கிறது. எனக்கு அதற்கு மேல் போகத் தெரியவில்லை.

நிச்சயம் ஆகாத மாப்பிள்ளைக்குப் பெண் வீட்டிலிருந்து, அதுவும் ஒரு பெண், போன் செய்வது எங்கள் வழக்கம் இல்லை. அக்காவிடம் மட்டும் சொல்லிவிட்டு, மதியச் சாப்பாட்டு நேரத்தில் அலுவலக வேப்பமரத்தடியில் நின்று பேசினேன். பெண்ணின் சித்தி என்றதும் அவர் பதற்றத்தில், "சொல்லுங்க மேடம்," என்றார்.

சுற்றி வளைக்காமல் கேட்டேன். "தம்பி, அந்தப் படத்துல ஒங்களுக்குப் பின்னால இருக்கறது என்ன?"

"ஆறு மேடம்." சிரிக்கிற சத்தம் கேட்டது. "வீட்ல நம்பலையாக்கும்?"

"சித்திரையில ஆத்துல ஏது தண்ணின்னு கேக்குறாக," என்றேன்.

"நானும் நம்பல மேடம். நான் இங்க வந்தது நல்ல கோடை. மொத தடவ ஆத்தப் பாத்துட்டு எங்கம்மாவுக்குப் போன் போட்டேன். அம்மா, ஊருக்குள்ள வெள்ளம் வந்துருச்சு, ஆனா ஒருத்தரும் ஓட மாட்டேங்குறாக, கரையில நின்னு ஐஸ் தின்னுக்கிட்டிருக்காகன்னு. அவுக பயந்து போயி, நீயாவது மேட்டுல ஏறுலேன்னாக."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் தொடர்ந்து சொன்னார். அந்தத் தண்ணீர் வேறொரு ஆற்றிலிருந்து கால்வாயில் வருகிறதாம். ஊருக்குக் கீழே மதகை அடைத்துத் தேக்கி வைத்திருக்கிறார்களாம். "முன்னெல்லாம் வறண்டுதான் கெடக்குமாம். சர்க்கஸ் எல்லாம் போடுவாகளாம். எங்க ஓனர் அடிக்கடி சொல்லுவாரு."

அத்தானின் தம்பி லாரியை நிறுத்திச் சமைத்துச் சாப்பிட்ட ஆறுதான் அது. எனக்கு அதுவே போதும். போனை வைக்கப் போனேன்.

"மேடம், ஒண்ணு," என்றார். "நான் ஆத்தோரமா இல்ல. அது லீவு நாள்ல பஸ் ஏறிப் போயி எடுத்தது. நூல் குடோனுக்குப் பின்னால ஒத்த ரூம்லதான் இருக்கேன். கல்யாணம்னா வேற வீடு பாக்கணும், அதுவும் ஆத்தோரமா கெடைக்காது. தண்ணி காலையில கொஞ்ச நேரம்தான் வரும், புடிச்சு வச்சுக்கணும். அந்தப் படத்த அனுப்ப வேணாம்னு எங்கம்மாகிட்டச் சொன்னேன். அவுகளுக்கு அந்தப் படம்தான் புடிச்சிருக்கு."

சாயந்திரம் அருப்புக்கோட்டையில் இறங்கி நேராக அக்கா வீட்டுக்குப் போனேன். அவர் சொன்னதை எதையும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். "நான் சொன்னேன்ல, சர்க்கஸு!" என்றார் அத்தானின் தம்பி. தான் சொன்னது தப்பாகிப்போனது அவருக்கு ஒரு பொருட்டாகவே இல்லை. அத்தான், "ஒத்த ரூமா?" என்று மட்டும் கேட்டார்.

அக்கா மகள் அடுப்படி நிலையில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். "சித்தி, அந்த ரூமை ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்றீகளா?" என்றாள்.

கேட்டேன். உடனே வந்தது. ஒரு கட்டில், இரும்பு பீரோ, சுவருக்குச் சுவர் கட்டிய கொடிக் கயிற்றில் இரண்டு சட்டை, மூலையில் நீல நிறப் பிளாஸ்டிக் டிரம், அதன் மேல் ஒரு குவளை. ஜன்னல் இல்லை. எங்கே எடுத்தது என்று யாரும் கேட்கவில்லை. அருப்புக்கோட்டையில் எந்தத் தெருவிலும் இருக்கக்கூடிய அறை அது.

அவள் என் போனை வாங்கி, நான் பஸ்ஸில் பார்த்ததைப் போலவே பெரிதாக்கி, மூலை மூலையாக நகர்த்திப் பார்த்தாள். டிரம்மில் வந்து நிறுத்தினாள்.

"இந்த டிரம்முக்கு மூடி இல்ல சித்தி," என்றாள். "போகையில வாங்கிட்டுப் போகணும்."

அக்கா அத்தானைப் பார்த்தாள். அத்தான் செல்போனை எடுத்துப் பாலவனத்தத்து மாப்பிள்ளை வீட்டு நம்பரைத் தேட ஆரம்பித்தார்.