மஞ்சள் சீட்டு ஒட்டும் கை

விதோசாவா அக்கா தகரச் சட்டியில் ஒரு பிடி உறைந்த ராஸ்பெர்ரியைப் போட்டு, காதருகே வைத்துக் குலுக்குகிறாள். கூழாங்கல் போலக் கலகலத்தால் பச்சைச் சீட்டு. அது ஏற்றுமதி, பிரான்சுக்கு லாரி ஏறும். கட்டியாக ஒட்டிக்கொண்டு சொத்தென்று விழுந்தால் மஞ்சள் சீட்டு. அது உள்நாட்டுச் சந்தை; ஜாமுக்கும் பழரசத்துக்கும் பாதி விலையில் போகும். அரில்யே ஊரில் உள்ள எங்கள் குளிர்கிடங்கில் இருபத்திரண்டு வருடமாக அவள் காது சொல்வதுதான் முடிவு. நான் பெட்டி தூக்கும் வண்டியோட்டி. என் கருத்தை யாரும் கேட்டதில்லை.

ஜூலை வெயிலில் ஊரே வியர்த்து வழிய, இவள் மூன்று ஜோடி கம்பளிக் காலுறையோடு வேலைக்கு வருவாள். சாப்பாட்டு வேளையில் ரொட்டியைக் கடித்தபடி வெயிலில் காய்ந்த வெளிச்சுவரில் சாய்ந்திருப்பாள். "சூட்ட ஏத்திக்கறேன் தம்பி, சாயங்காலம் வரைக்கும் தாங்கணும்ல."

அந்தச் சூடு வீண்போவதில்லை. பனி பூத்த பெட்டியில் சீட்டு ஒட்டாது. நாங்கள் ஒட்டினால் நாலடி போவதற்குள் உதிரும். அவள் கையுறையைக் கழற்றி, சீட்டின் மேல் உள்ளங்கையை ஒரு மூச்சு நேரம் அழுத்துவாள். பிறகு சுரண்டினாலும் வராது.

உள்நாடு என்றால் மட்டம் என்று யாராவது சொன்னால் அவளுக்குப் பொறுக்காது. "வெளிநாட்டுக்காரன் கண்ணால திங்கறவன், அவனுக்கு முழுசா இருக்கணும். நம்ம ஆளு நாக்கால திங்கறவன்." தன் வீட்டுக்கு அவள் வாங்கிப்போவதும் மஞ்சள் சீட்டுப் பழம்தான்.

போன செவ்வாய்க்கிழமை அவள் கணவர் ரதோமிரின் அறுபது பெட்டிகள் உறைந்து முடிந்து சோதனைக்கு வந்தன. இந்த அறுவடையில் வீட்டுக் கூரையை மாற்றிவிடலாம் என்று இருவரும் வசந்தத்திலிருந்தே பேசிக்கொண்டிருந்தார்கள். ஆனால் மனிதர் அவள் பேச்சைக் கேட்காமல் மழையில் பறித்துவிட்டார். அவரும் கதவருகே வந்து நின்றார். அக்கா குலுக்கினாள். சொத். வேறு பெட்டியிலிருந்து எடுத்தாள். அதுவும் சொத்.

"இன்னொரு தடவ குலுக்கேன், விதா."

"குலுக்கினா காஞ்சிடுமா?"

"பச்சையே ஒட்டிடு. யாருக்குத் தெரியப்போகுது?"

"முந்தின வருஷம் எவனோ இப்படித்தான் கலந்துட்டான். லாரியே திரும்பி வந்துச்சு. நாப்பது வீட்டுப் பழமும் பாதி விலைக்குப் போச்சு. மறந்துட்டியா?"

"கூரை ஒழுகுமே."

"ஒழுகட்டும். வீட்ல சட்டிக்கா பஞ்சம்?"

ரதோமிருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. எனக்கோ அவர்களைப் பார்க்கக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

அக்கா மஞ்சள் சீட்டை ஒட்டி, கையுறையைக் கழற்றி அழுத்தினாள். மூன்றாவது பெட்டி முடிவதற்குள் உள்ளங்கை சிவந்து விறைத்துவிட்டது. அதைக் கணவர் பக்கம் நீட்டினாள். அவர் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துத் தேய்த்து, சூடு ஏற்றித் திருப்பிக் கொடுத்தார். இன்னும் ஐம்பத்தேழு பெட்டிகள் இருந்தன.