ஜேசன் என்று அழைத்தார்கள்

மெல்பேர்னில் நான் தாதியாக வேலைசெய்த மருத்துவ நிலையத்தின் பெரிய டொக்டர், ஒரு பிற்பகல் தன் பழைய பள்ளிக்கூட விழாவுக்கு என்னையும் வரச்சொன்னார். மனைவியை இழந்தவர், பிள்ளைகள் சிட்னியில். "சாட்சிக்கு ஓர் ஆள் வேண்டும்," என்றார். எதற்குச் சாட்சி என்பதைக் காரில் ஏறிய பிறகுதான் சொன்னார்.

அவர் யூதர். ஐரோப்பாவில் கொல்லப்பட்ட தன் தம்பியின் பெயரைத்தான் அப்பா அவருக்கு வைத்திருந்தார்: யெஹோஷுவா. பள்ளியின் விளையாட்டு ஆசிரியருக்கோ பண்டைய கிரேக்கர் மேல் பைத்தியம். உடம்பு அவர்கள் சிலையைப்போல இருக்கவேண்டும், பெயர் வாயில் தடக்கக்கூடாது. "இனி நீ ஜேசன்," என்று ஒரே சொல்லில் கிரேக்கப் பெயராக மாற்றிவிட்டார். குழந்தையிலேயே நுனித்தோல் நீக்கும் யூதரின் விருத்தசேதனத்தைச் சொல்லி, "சிற்பி கைதவறவிட்ட சிலை" என்று எல்லோர் முன்னிலும் சிரித்தவரும் அவரே.

பரிசளிப்பு நாளில் "ஜேசன்" என்று அழைத்தார்கள். எழுந்து போவது தன் மகன் என்று கண்டபோது, தட்டுவதற்கு உயர்ந்த அப்பாவின் கைகள் அப்படியே நின்றுவிட்டன. வீட்டுக்கு வந்து ஒன்றே ஒன்றுதான் கேட்டாராம்: "என் தம்பியை இரண்டாம் முறை கொன்றது யார்?"

பிறகு டொக்டர் வரலாறு படித்தார். கிரேக்கர் ஆண்ட காலத்து எருசலேமில் யோசுவா என்ற, டொக்டரின் அதே பெயர்கொண்ட ஒருவர் தன் பெயரை ஜேசன் என்று மாற்றிக்கொண்டு தலைமைக் குருவாகி, கிரேக்க உடற்பயிற்சிக் கூடம் கட்டினாராம். அங்கே போன இளைஞர்கள் தம் விருத்தசேதனத்தை மறைக்கப் பாடுபட்டார்களாம். "அவர்களாவது தாங்களே மாறினார்கள். என்னை யார் கேட்டது?" என்றார்.

அன்று திறக்கவிருந்த புதிய உடற்பயிற்சி மண்டபத்துக்கு அந்த ஆசிரியரின் பெயர். தொண்ணூறு வயது தாண்டியவர், மேடையில் சக்கர நாற்காலியில் இருந்தார். நாடாவை வெட்ட "டொக்டர் ஜேசன்" என்று அழைத்தார்கள். பெரிய டொக்டர் அசையவில்லை. மறுபடி அழைத்தார்கள். மூன்றாம் முறை கிழவரே அவரைக் கண்டு கைநீட்டினார்: "ஜேசன், எழும்பு!"

"அப்படி ஒருவர் இங்கே வரவில்லை," என்றார் டொக்டர், இருந்தபடியே. மண்டபம் முழுக்கக் கேட்டது.

கிழவர் நாற்காலியில் முன்னே சாய்ந்தார். "அப்படியென்றால் உன் பெயர்தான் என்ன?"

"கேட்பதற்குப் பள்ளியில் உங்களுக்கு ஆறு வருடம் இருந்தது."

நாங்கள் எழுந்து வெளியேறினோம். கத்தரிக்கோல் தட்டிலேயே கிடந்தது. "வயதான மனிதர்தானே..." என்று நான் காரில் இழுத்தேன். "வயதாவது வேறு, வருந்துவது வேறு," என்றார். வீடுவரை மெல்ல விசிலடித்துக்கொண்டு வந்தார்.

நோபல் பார்க்கில் எங்கள் வீட்டுக்கு வந்து என் கணவரிடம் இதைச் சொன்னேன். நித்தியானந்தன் என்ற அவரை வேலையிடத்தில் 'நிக்' ஆக்கிப் பதினைந்து வருடமாகிறது.

"பாவமப்பா, சாகப்போற கிழவன். மன்னிச்சு விட்டிருக்கலாமெல்லோ," என்றார், டிவியிலிருந்து கண்ணெடுக்காமல்.

நான் குசினிக்குள் போய், ஒருநாளும் கூப்பிடாத விதமாகக் கூப்பிட்டேன்: "நிக், சாப்பிட வாறீங்களோ?"

"ஓம், வாறன்," என்றார் உடனே.

பிறகு டிவியின் சத்தம் நின்றது. அவர் வர நெடுநேரமாயிற்று.