கழுத்து நடுக்கமும் ஊசி நடுக்கமும்

நடுக்கம் வந்தால் இனிப்பைக் கொடு. எங்கள் வீட்டில் எல்லாருக்கும் மனப்பாடமாக இருந்தது இது ஒன்றுதான்.

என் மாமியாருக்கு நீரிழிவு. தென்காசியில் இருந்த டாக்டர் இன்சுலின் ஊசி போடச் சொல்லியிருந்தார். மருந்து கூடிப்போனால் கை நடுங்கும், வேர்க்கும், நெஞ்சு படபடக்கும், அப்போது இனிப்பு கொடுக்காவிட்டால் உயிர் தங்காது என்று பயமுறுத்தியும் வைத்திருந்தார். பயம் வீடு முழுக்க இருந்தது, ஊசி போடுகிற வேலை மட்டும் என்னிடம் வந்தது. அன்னிய ஆண் கை தன்மேல் படக்கூடாது என்று அத்தை கம்பவுண்டரை விரட்டிவிட்டார்கள். இவள் அஞ்சாம் வகுப்பு படித்தவள், கண்ணாடி ஊசியில் இருக்கும் கோடுகளை வாசித்துவிடுவாள் என்று எல்லாரும் கூடி முடிவு செய்தார்கள். என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அந்த வயதில் எனக்கு வாயில் வார்த்தை வராது.

யுத்தம் நடந்துகொண்டிருந்த ஒரு வருஷம், நடுக்கம் அன்றாடம் வர ஆரம்பித்தது. வந்ததும் நாத்தனார் கருப்பட்டியைக் கரைத்துக் கொண்டுவந்து ஊற்றுவாள். சாயங்காலம் மூத்திரத்தை நீல மருந்தில் விட்டுக் காய்ச்சினால் செங்கல் நிறத்துக்குப் போகும், சர்க்கரை எக்கச்சக்கம் என்று அர்த்தம். டாக்டரிடம் சொன்னால் ஊசியைக் கூட்டுவார். கூட்டியதால்தான் நடுக்கம் என்று மறுபடியும் கருப்பட்டி. இந்தச் செக்கை நாங்கள் மாதக்கணக்கில் சுற்றினோம். அத்தை எலும்பும் தோலுமாகிவிட்டார்கள். அளவு தெரியாமல் போடுகிறேன் என்று எனக்குத்தான் பேச்சு.

டாக்டர் வீட்டுக்கு வந்து பார்க்காமல் இல்லை. வருவார். அத்தை கதவுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு ஒரு கையை மட்டும் வெளியே நீட்டுவார்கள். டாக்டர் நாடியைப் பார்ப்பார். கேள்விகளை அவர் என் வீட்டுக்காரரிடம் கேட்க, என் வீட்டுக்காரர் அம்மாவிடம் கேட்டு, பாதியைத் திருப்பிச் சொல்லுவார். எங்கள் வகையில் பெரிய வீட்டுப் பெண்பிள்ளைகள் வைத்தியம் பார்த்துக்கொண்ட லட்சணம் அப்படி.

ஆனி மாதம் சாரல் விழுந்தது. குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்து அருவியில் தலையைக் கொடுத்தால் தீராத வியாதி உண்டா என்று உறவில் யாரோ சொல்லிவிட்டார்கள். வண்டி கட்டிப் போனோம். எண்ணெய் தேய்க்க அத்தை அட்டிகையைக் கழற்றினார்கள். கழுத்தை ஒட்டிக் கிடக்கும் நகை அது. கயிற்றை நீளமாக மாற்றிக் கட்டியிருந்ததை அன்றுதான் கவனித்தேன். ஏன் என்று கேட்டேன்.

"கழுத்து சதை போட்டிருக்குட்டி. ஒடம்பு போனாலும் கழுத்தாவது தேறியிருக்கே" என்றார்கள். அதில் ஒரு சந்தோஷம் வேறு.

எண்ணெய்க் கையோடு தடவிப் பார்த்தேன். சதை இல்லை. தொண்டைக்குழிக்கு மேலே உருண்டையாக ஒன்று. அத்தை எச்சில் விழுங்கியபோது அதுவும் கூடவே ஏறி இறங்கியது. அன்று சாயங்காலம் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "கழுத்துன்னா எல்லாருக்கும் இருக்கத்தான் செய்யும்" என்றார். வேறு என்ன சொல்ல!

ஊர் திரும்பிய பின் டாக்டர் வந்தார். வழக்கம்போல அத்தையின் கை வெளியே, மற்றதெல்லாம் உள்ளே. என் வீட்டுக்காரர், குளித்ததில் அம்மாவுக்குக் கொஞ்சம் தேவலை என்று அளந்துகொண்டிருந்தார். அத்தைக்குப் பக்கத்தில் நின்ற எனக்கு அழுகையும் கோபமுமாக வந்தது. "கழுத்தப் பாருங்க" என்று கதவைப் பார்த்துச் சொன்னேன். வேற்று ஆணிடம் நான் பேசிய முதல் பேச்சு அது. நாத்தனார் என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை.

டாக்டர் உள்ளே வந்து பார்த்துவிட்டு, தலையில் அடித்துக்கொள்ளாத குறையாகச் சத்தம் போட்டார். கழுத்தில் இருக்கும் தைராய்டு சுரப்பி அளவுக்கு மேல் சுரக்கிறதாம். அதனால் உடம்பு தானே எரிந்து இளைக்கிறது, சர்க்கரை ஏறுகிறது, போட்ட ஊசியும் சீக்கிரம் தீர்ந்துபோகிறது. பெரும்பாலான நடுக்கமும் படபடப்பும் அதனால்தான். கருப்பட்டி கொடுத்தது எரிகிற வீட்டில் எண்ணெய் விட்ட மாதிரி. பாலில் விட்டுக் குடிக்க அயோடின் சொட்டு எழுதினார். போகும்போது கதவுப் பக்கம் திரும்பி எனக்கென்று சொன்னார்: சுரப்பி அடங்க அடங்க, இதே ஊசி அளவு உடம்புக்குத் தாங்காது, குறைக்க வேண்டும், நடுங்கும்போது கை சூடாக இருந்தால் கழுத்து, சில்லென்று இருந்தால் ஊசி.

அடுத்த பத்து இருபது நாளில் அத்தை தேறினார்கள். வீட்டார் புதுப் பாடத்தைப் பிடித்துக்கொண்டார்கள். நடுக்கம் என்றால் கழுத்து. இனிப்பை எடுக்கவே கூடாது. கருப்பட்டிப் பானையை நாத்தனார் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். ஊசியைக் குறைக்க டாக்டரைக் கேட்டு வாருங்கள் என்று என் வீட்டுக்காரரிடம் நச்சரித்தேன். அம்மா நல்லாத்தானே இருக்கிறாள், எதற்குக் குறைக்க என்றார்.

ஒரு மத்தியானம், இலை போடுவதற்கு முன்னால், அத்தை சுவரில் சாய்ந்துவிட்டார்கள். மேலெல்லாம் வேர்வையும் நடுக்கமும். வாய் குழறியது. கையைத் தொட்டேன். கிணற்றுத் தண்ணீர் மாதிரி சில்லிட்டிருந்தது. சாவியைக் கேட்டேன்.

"அது கழுத்து நடுக்கம்லா மதினி. டாக்டர் சொன்னாருல்லா" என்றாள் நாத்தனார், அசையாமல்.

"கையத் தொட்டுப் பாரு. சில்லுன்னு கெடக்கு. சாவியத் தா."

"கருப்பட்டி குடுத்து அம்மைக்கு ஒண்ணு ஆச்சுன்னா?"

அவள் இடுப்பில் கையை விட்டுச் சாவியைப் பிடுங்கினேன். அதற்கு முன் அந்த வீட்டில் நான் குரலை உயர்த்தியதுகூட இல்லை. கருப்பட்டியைக் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக வாயில் விட்டேன். பாதி கடைவாயில் வழிந்தது. மீதியை எப்படியோ விழுங்கினார்கள். நாத்தனார் வாசலுக்கு ஓடி, மதினி அம்மையைக் கொல்லுகிறாள் என்று அண்ணனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

அவர் வந்து சேருவதற்குள் அத்தை கண்ணை விழித்து எங்களைப் பார்த்தார்கள். பிறகு தன் சேலையைப் பார்த்தார்கள்.

"ஏட்டி, சேலையெல்லாம் பிசுபிசுன்னு ஆக்கி வச்சிருக்கே. ஒரு வாய் தண்ணி ஒழுங்கா ஊத்தத் தெரியாதா?"

அதற்குள் என் வீட்டுக்காரர் வந்து நின்றார். நாளை ஊசி போட வேண்டுமானால் இன்றைக்கே டாக்டரைக் கேட்டு வாருங்கள், இல்லாவிட்டால் நானே போவேன் என்று அவரிடம் சொன்னேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார். அப்புறம் குளிர்ச்சி விட்டதா என்று அத்தையின் கையைப் பிடித்துப் பார்த்தேன். விட்டிருந்தது. சும்மா சும்மா எதுக்குட்டி கையைப் பிடிக்கே என்று அதற்கும் ஒரு ஏச்சு வாங்கிக்கொண்டேன்.