ஞாயிற்றுக்கிழமை வராத மச்சான்

“...ஆட்டத்துல ஜெயிச்சா இன்னா, தோத்தா இன்னா, அது எனக்கு வேணாம். நேத்துலேர்ந்து அந்த மனுசன் எங்க குந்திக்கினு இருக்காரு, இன்னா சாப்ட்டாரு, அதக் கேக்க வேணாமா?” என்றாள் அக்கா.

கேட்கத்தான் ஆளில்லை. அக்கா மகள் கையிலிருந்த போனில் அந்தப் பக்கம் மச்சான் வைத்துவிட்டிருந்தார். திண்டிவனத்தில் அக்கா வீட்டில், ஞாயிற்றுக்கிழமைக் காலைப் பூசைக்குக் கிளம்பி நின்றோம்.

மச்சான் என்றால் அக்காவைக் கட்டியவர். கிளியனூர்ப் பக்கம். இளவயதில் மெட்ராஸ் போய் கோல்ஃப் மைதானத்தில் அடுத்தவர் பையைச் சுமந்தார். சுமந்த கையாலேயே அடிக்கவும் பழகி, கடைசியில் ஆடிப் பிழைக்கிறவர் ஆகிவிட்டார். தொண்ணூற்று மூன்றில் பெண் பார்க்க வந்தபோது என் அப்பா கேட்டார்:

“மாப்ளைக்கு இன்னா வேல?”

“கோல்ஃப் ஆடுறேன் மாமா.”

“அது சரி, ஆடு. வேல இன்னா?”

வீடே சிரித்தது. மச்சானும் சிரித்தார். நாடு முழுக்க ஊர் ஊராகப் போட்டி வைத்து, இவர் மாதிரி ஆட்களைச் சேர்த்து, அதற்கு டூர் என்று பெயர் சொல்ல ஆரம்பித்திருந்த காலம் அது. மச்சான் அதை விளக்கினார். அப்பாவுக்கு டூர் என்றால் வேளாங்கண்ணிதான். தலையை மட்டும் ஆட்டினார்.

அந்த ஆட்டத்தில் எங்களுக்குப் புரிந்தது ஒன்றே ஒன்று. போட்டி நாலு நாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரு கோடு போடுவார்கள். அதற்குக் கீழே இருப்பவன் வெறுங்கையோடு ஊருக்குப் போகவேண்டும். மேலே இருப்பவன் ஞாயிறு வரை ஆடி ஏதோ ஒன்றோடு வருவான். ஆகவே மச்சான் ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஆண்கள் பக்கம் நின்றால் தோற்றுவிட்டார் என்று அர்த்தம். காணோம் என்றால் நல்ல சேதி.

பங்குச் சாமியாருக்கு இது தெரியாது. “இன்னாம்மா, உன் வூட்டுக்காரரு கோயில் பக்கமே வர்றதில்ல?” என்பார்.

“அவரு வரக்கூடாதுன்னுதான் சாமி வேண்டிக்கினு இருக்கேன்” என்பாள் அக்கா. சாமியார் சிலுவை போட்டுக்கொள்வார்.

முதல் சில வருஷம் நன்றாகவே போனது. நாலைந்து பேர் ஒரே அறையில் படுத்து, ரிசர்வேஷன் இல்லாத பெட்டியில் அந்த நீளப் பையை மடியில் வைத்துக்கொண்டு போய் வருவார்கள். மச்சான் வரும்போது பையிலிருந்து குச்சிகளுக்கு நடுவே பிள்ளைக்கு ஒரு பொம்மை எட்டிப் பார்க்கும். பிறகு கம்பெனிகள் வந்தன, தொப்பியில் பெயர் வந்தது, டிவியில் காட்டினார்கள். நான் மைக்செட் வைத்துப் பிழைப்பவன். ஒருநாள் மச்சான் டிவியில் ஒரு நொடி வந்தபோது கோயில் திருவிழா ஸ்பீக்கரிலேயே சொல்லிவிட்டேன். நல்ல திட்டு வாங்கினேன்.

டூர் வளர வளர வேறு பிள்ளைகள் வந்தார்கள். சின்ன வயதிலேயே வெளிநாட்டில் பழகியவர்கள், பிளேனில் வருபவர்கள். வருஷா வருஷம் தனியாக ஒரு போட்டி ஆடித் தேறினால்தான் இடம் என்றானது. “ஆட்டம் பெருசாயிக்கினே போவுது, என் வூட்டுக்காரருதான் அப்பிடியே இருக்காரு” என்று அக்கா ஒருமுறை சொன்னாள். அதில் குற்றம் சொல்லும் தொனியே இல்லை.

மகள் முதன்முதலாக நற்கருணை வாங்கும் புது நன்மை ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. வெள்ளை கவுனில் பிள்ளை வரிசையில் நிற்க, மச்சான் கதவோரம் வந்து நின்றார். பிள்ளை “அப்பா!” என்று கோயிலே திரும்பிப் பார்க்கிற மாதிரி கூப்பிட்டது. அக்கா முகம் மட்டும் விழுந்துபோனது. ஒரு கணம்தான். அதற்குள் மச்சான் பார்த்துவிட்டார்.

அதற்குப் பிறகு அவர் எந்தப் போட்டியிலிருந்தும் ஞாயிற்றுக்கிழமை வீடு வந்ததில்லை. திங்கட்கிழமைதான் வருவார். “பரவால்ல, கடைசி நாள் வரைக்கும் ஆடினேன், கையில ஒண்ணும் பெருசா நிக்கல” என்பார். நாங்கள் நம்பினோம். அக்கா எத்தனையோ ஞாயிறு மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றினாள்.

மகள் விழுப்புரத்தில் காலேஜ் சேர்ந்தபோது போனில் எல்லாம் வர ஆரம்பித்தது. டூர்காரர்கள் ஆடுகிறவன் ஒவ்வொருவன் கணக்கையும், கடைசி ஆள் வரைக்கும், அன்றன்றே போடுகிறார்கள். பூசைக்குக் கிளம்பி நின்ற அந்த ஞாயிற்றுக்கிழமை காலை அதைத் தேடிப் பார்த்த பிள்ளை முகம் மாறி என்னிடம் நீட்டியது. பெங்களூர்ப் போட்டி. வெள்ளிக்கிழமைக் கோட்டுக்கு ரொம்பக் கீழே மச்சான் பெயர். பழைய போட்டிகளையும் தள்ளிப் பார்த்தது. அங்கேயும் அப்படித்தான்.

ஸ்பீக்கரில் போட்டுக் கூப்பிட்டது.

“அப்பா, எங்க இருக்க?”

“கிரவுண்டுக்குத்தாம்மா போய்க்கினு இருக்கேன். ஜல்தி போவணும், அப்புறம் பேசறேன்.”

அவர் குரலுக்குப் பின்னால் மணி அடித்து, ஒரு பெண் குரல் நிதானமாக, விழுப்புரம் சந்திப்பில் எந்த ரயில் எந்த நடைமேடைக்கு வருகிறது என்று சொன்னது. எனக்கு ஸ்பீக்கர் சத்தம்தான் தொழில். ஆனால் அது விளங்க யாருக்கும் தொழில் தெரிந்திருக்க வேண்டியதில்லை. மச்சானுக்கும் அது எங்களுக்குக் கேட்டது தெரிந்திருக்க வேண்டும். வைத்துவிட்டார்.

ஒரு மணி நேர பஸ் தூரம். அத்தனை வருஷ ஞாயிறுகளில் எத்தனையை அந்த ஸ்டேஷன் பெஞ்சில், அந்தப் பையைப் பக்கத்தில் சாய்த்துவைத்துக்கொண்டு, திங்கட்கிழமை ஆகட்டும் என்று காத்திருந்தாரோ. பிள்ளை அவரில்லாமல் வளர்ந்த ஞாயிறுகள் அவை.

அப்போதுதான் அக்கா அந்த ‘ஜெயிச்சா இன்னா, தோத்தா இன்னா’வைச் சொன்னாள். சொல்லிவிட்டு ஒருவரையும் பார்க்காமல் அடுப்படிக்குப் போனாள். மதியத்துக்கென்று வைத்திருந்த கோழிக் குழம்பையும் காலையில் சுட்ட இட்லியையும் தூக்குச்சட்டியில் போட்டு மூடினாள். பூசைக்கு இரண்டாம் மணி அடித்தது. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு படியிறங்கியவள், தெருமுனையில் கோயில் பக்கம் திரும்பாமல், விழுப்புரம் பஸ் நிற்கும் பக்கம் நடந்தாள்.