அப்பா கண்டுபிடித்த குடை

போன வருஷம் மழைக்காலத்தில் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து, தாம்பரம் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். உயிருக்கு ஆபத்தில்லை, பேச்சுதான் போய்விட்டது. விடாமல் பேச்சுக் கொடுக்கச் சொன்னார் டாக்டர். பேத்தியைப் பற்றிச் சொன்னேன், முடிச்சூர் மனையைப் பற்றிச் சொன்னேன். அப்பா ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தார். இனி இவ்வளவுதானோ என்று பயந்துபோனேன்.

வேறு வழி தெரியாமல் ஒரு காலையில் பேப்பரில் வரும் படக்கதையைப் படித்துக் காட்டினேன். நான் பிறப்பதற்கு முன்பிருந்தே வருகிற மூன்று கட்டக் கதை. ரிடையரான ஒரு குமாஸ்தா, அவர் மனைவி. இரண்டு பேருக்கும் வயதே ஏறாது. தினமும் ஒரு சண்டை, கடைசியில் காபி. இதைப் போய் அப்பா இவ்வளவு நேரம் உற்றுப் பார்க்கிறாரே என்று வீட்டில் எல்லோரும் கிண்டல் செய்வோம்.

பக்கத்துக் கட்டில்காரரின் மனைவி குறுக்கே வந்தார். "இன்னாம்மா, கதைய மட்டும் சொல்ற. குடை எங்க கீதுன்னு சொல்லவே இல்லியே?"

எந்தக் குடை என்று விழித்தேன். அந்தக்கா சிரித்துவிட்டார். குமாஸ்தா எப்போதோ தொலைத்த குடையாம். அதைப் படம் போடுகிறவர் தினமும் எங்கேயாவது ஒளித்து வைப்பாராம். நம் கண்ணுக்குத் தெரியும், குமாஸ்தாவுக்குத்தான் தெரியாது.

இரண்டு பேரும் தலையை முட்டிக்கொண்டு தேடினோம். கொடியில் இல்லை, அலமாரிக்குப் பின்னால் இல்லை.

"பெரியவராண்ட காட்டு. மொதல்ல கண்ணாடிய போட்டுவுடு."

அப்போதுதான் உறைத்தது. ஆஸ்பத்திரிக்கு வந்த களேபரத்தில் அப்பாவின் கண்ணாடி என் பைக்குள்ளேயே கிடந்திருக்கிறது. எடுத்து மாட்டிவிட்டுப் பேப்பரை முகத்துக்கு நேரே பிடித்தேன். அவரது இடது கை மெல்ல எழுந்தது. கட்டம் கட்டமாக நகர்ந்த விரல், படத்து முருங்கை மரத்தில் போய் நின்றது. காயோடு காயாக அங்கே தொங்கிக்கொண்டிருந்தது, மடக்கிய குடை.

"கொ...டை" என்றார் அப்பா.

நான் அழுதுவிட்டேன். "பெருசு கில்லாடிம்மா, நீ இன்னாத்துக்கு அழுவுற" என்ற அந்தக்காவும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இப்போது அஸ்தினாபுரம் வீட்டில் அப்பா பாதிக்கு மேல் தெளிவாகவே பேசுகிறார். காலையில் பேப்பரை முதலில் பிரிப்பது நான்தான். குடை கண்ணில் பட்டாலும் மூச்சு விடமாட்டேன், அவரே கண்டுபிடித்துக் கூப்பிடட்டும் என்று அடுப்படியில் காத்திருப்பேன். திருநீர்மலைக்குப் போனால் எனக்கு ஒரே ஒரு வேண்டுதல்தான்: அந்தக் குமாஸ்தா கையில் மட்டும் அந்தக் குடை கிடைத்துவிடவே கூடாது, பெருமாளே.