வாங்க வேண்டாம் என்று சொன்னவள்

வகுப்பில் அவளுக்கு ‘மெஷின்காரி’ என்று பேர். எம்.பி.ஏ. படிக்க வந்த மற்றவர்கள் பேங்கிலும் கன்சல்டிங்கிலும் இருந்தவர்கள். இவள் மட்டும் அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் ஏழு வருஷம் மெஷின்களைப் பழுது பார்த்தவள். அதை விட்டுவிட்டு முப்பத்திரண்டு வயதில் வந்து சேர்ந்தாள். ஆசை ஒன்றுதான்: பிரைவேட் ஈக்விட்டி. கம்பெனிகளை முழுசாக வாங்கி, சீர்படுத்தி, சில வருஷம் கழித்து நல்ல விலைக்கு விற்கிற தொழில்.

படிப்பு முடிகிற மாதம் வந்தும் வேலை கிடைக்கவில்லை. பதினோரு இடத்தில் ‘மன்னிக்கவும்’ சொல்லிவிட்டார்கள். தங்கியிருந்தது அக்கா வீட்டில். அக்கா தையல்காரி, முன்னறைதான் கடை. அந்த அறைக்கும் சமையலறைக்கும் நடுவே இவள் போனும் கையுமாக நடந்துகொண்டே இருப்பாள்.

“உட்காருடி, பார்க்கிற எனக்கே தலை சுத்துது. ஊர்ல இருக்கிற கம்பெனியெல்லாம் வாங்கறாங்களாம், உன்னை மட்டும் வாங்க மாட்டேங்கறாங்களா?” என்பாள் அக்கா, வாயில் ஊசியோடு.

சிரிப்பு வரும். ஆனால் இருப்புக் கொள்ளாது.

பன்னிரண்டாவது இடத்தில் கடைசிச் சுற்றுவரை போனாள். கண்ணாடி அறை, ஒரு லேப்டாப், ஒரு ஃபைல், மூன்று மணி நேரம். ஃபைலில் இருந்தது பேர் மறைத்த ஓர் அட்டைப்பெட்டிக் கம்பெனி. வாங்கலாமா, வேண்டாமா என்று சொல்ல வேண்டும். எக்ஸெலில் கணக்குப் போட ஆரம்பித்தாள். அது இழுத்துக்கொண்டே போனது. பக்கத்து அறையில் இதே வேலைக்கு வந்த இன்னொருவன் கீபோர்டைப் படபடவென்று தட்டுகிற சத்தம் வேறு. அப்போதுதான் ஒரு வரி கண்ணில் பட்டது. அதற்குப் பிறகு எக்ஸெலை அவள் தொடவில்லை.

கேள்வி கேட்க வந்தவர் நிறுவனத்தின் பங்குதாரர்களில் ஒருவரான அம்மாள். நரைத்த கிராப்பு, அதிர்ந்து பேசாத குரல்.

“கணக்கை முடிக்கலையே?”

“முடிக்கல மேடம். ஆனா இதை வாங்காதீங்க.”

“லாபம் வருஷா வருஷம் ஏறுதே?”

“உற்பத்தியும் ஏறுது. ஆனா ரிப்பேர் செலவு பாதியா இறங்கியிருக்கு. புது மெஷினும் வாங்கல. மெஷின் அப்படி நடந்துக்காது மேடம். விக்கணும்கிறதுக்காக, எதையும் மாத்தாம ஓட்டோ ஓட்டுன்னு ஓட்டியிருக்காங்க. வாங்கறவங்க தலையில விடியும்.”

அந்த அம்மாள் ஃபைலை மூடினார். “விடிஞ்சது. நாங்கதான் வாங்கினோம்.”

இவள் கேட்டாள்: “அங்க வேலை பார்த்தவங்க?”

“மூடிட்டோம். இருநூறு பேர்.”

ஒன்பது நாள் கழித்து வேலை கிடைத்ததாகப் போன் வந்தது. அக்கா தையல் மெஷினை விட்டு எழுந்து வந்து கட்டிக்கொண்டாள். இவள் முகத்தைப் பார்த்ததும் விலகினாள்.

“என்னடி, சாவுச் சேதி கேட்ட மாதிரி நிக்கறே?”

“அந்த இருநூறு பேர்ல நானும் இருந்திருக்கலாம்க்கா.”

“அப்ப வேண்டாம்னு சொல்லிடு.”

“வேண்டாம்னு சொல்லவா ரெண்டு வருஷம் முட்டி மோதினேன்?”

அக்கா தையல் மெஷினுக்குத் திரும்பினாள். இவள் மறுபடி நடக்க ஆரம்பித்தாள். மறுநாள் அந்த அம்மாளுக்குப் போன் போட்டு, எந்தத் தொழிற்சாலையை வாங்குவதானாலும் முதலில் தன்னை உள்ளே அனுப்ப வேண்டும் என்றாள்.

“பின்னே எதுக்கு உங்களை எடுக்கறோம்?” என்றார் அவர்.

சேர்ந்த மூன்றாம் வாரமே பாட்டில் மூடி செய்கிற ஒரு தொழிற்சாலைக்கு அனுப்பினார்கள். வந்தவர்களுக்கென்று வைத்திருந்த மஞ்சள் ஹெல்மெட் தலையில் ஆடியது. உடன் வந்த ஃபோர்மேன் பாதி வழியில் நின்றார்.

“ஒண்ணு கேக்கறேன், தப்பா நினைக்காதீங்கம்மா. நடத்த வாங்கறீங்களா, மூட வாங்கறீங்களா?”

“இன்னும் வாங்கறதாவே முடிவாகலண்ணே,” என்றாள். அது உண்மைதான். ஆனாலும் அவர் முகத்தை நேராகப் பார்க்க முடியவில்லை. ஹெல்மெட் வாரை இறுக்கிக்கொண்டு, பக்கத்து மெஷினின் மூடியைத் திறந்து காட்டச் சொன்னாள்.