மேடேறிய குழாய்

ஜோதிமணி ராமாபுரத்திலிருந்து கணவர் கெம்பையனோடு மைசூருக்குக் கட்டட வேலைக்கு வந்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. அன்று முதல் சித்தாள்தான். கலவை சுமப்பாள், செங்கல் எடுத்துக் கொடுப்பாள், தரைமட்டம் பார்க்கும்போது தண்ணீர் நிரப்பிய லெவல் டியூபின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு ஆடாமல் நிற்பாள்.

போன வருஷம் கெம்பையன் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். இப்போது வாக்கர் பிடித்துத்தான் நடக்கிறார். மண்டி மொஹல்லாவில் அவர்களுக்கு இரண்டு அறையில் ஒரு சொந்த வீடு. ஆனால் சந்தில் இருக்கும் ஐந்து வீட்டுக்கும் சேர்த்து ஒரே கழிப்பறை, சந்துக் கடைசியில். வழியெல்லாம் ஸ்கூட்டர்கள். ஜோதிமணி முன்னால் போய் ஒவ்வொரு வண்டியாக நகர்த்துவாள், அவர் பின்னால் வருவார். ஒருநாள் போய்ச் சேர்வதற்குள் வேட்டி நனைந்துவிட்டது. அன்று முழுக்க அவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

வீட்டுக்குள்ளேயே ஒரு வெஸ்டர்ன் டாய்லெட்டும் கை கழுவ ஒரு பேசினும் வைப்பது என்று ஜோதிமணி முடிவு செய்தாள். பதினோரு வருஷமாகத் தான் வேலை செய்துவந்த சேகரன் மேஸ்திரியிடமே சொன்னாள். வேலை நடந்த நான்கு நாளும் அவர் அவளை வேறொரு சைட்டுக்குக் கலவை சுமக்க அனுப்பினார். அவள் திரும்பி வந்து பார்த்தபோது பள்ளம் மூடி, மேலே டைல்ஸும் ஒட்டியாகிவிட்டது.

முதல் நாளே தண்ணீர் போகவில்லை. பேசினில் கை கழுவினால் டாய்லெட்டில் குபுகுபுவென்று பொங்கியது. போன் செய்தால் சேகரன், "புதுசில்லையா, ரெண்டு பக்கெட் சேர்த்து ஊத்து" என்றார். ஒரு வாரம் ஊற்றினாள். பிறகு சைட்டில் அவரிடம் நேராகவே கேட்டாள்.

"பைப்பு சரிவா எறங்கலை, வாட்டம் இல்லைங்கண்ணா. அதான் தண்ணி நிக்குது."

எல்லார் முன்னாலும் அவர் சிரித்தார். "சும்னிரு ஜோதி, பேசாம இரு. கலவை சொமக்கறவ எனக்கு வாட்டம் சொல்லித் தர்றியா?"

ஞாயிற்றுக்கிழமை காலை அவள் உளியும் சுத்தியலும் எடுத்து, நடுவில் நான்கு டைல்ஸைப் பெயர்த்துத் தோண்டினாள். பழைய அஸ்திவாரக் கல் ஒன்று குறுக்கே கிடந்தது. அதை உடைக்காமல் குழாயை அதன் மேலேயே ஏற்றி விட்டிருந்தார்கள். கெம்பையனை நாற்காலியில் உட்காரவைத்து லெவல் டியூபின் ஒரு முனையைக் கொடுத்து, மறுமுனையை அவள் பிடித்தாள். டாய்லெட் பக்கத்தைவிடக் கல்லின் மேல் குழாய் இரண்டு விரற்கடை உயரம்.

அவள் போன் செய்து வரவழைத்த சேகரன் வந்ததும் வராததுமாகக் கத்தினார். "யாரைக் கேட்டு டைல்ஸை ஒடைச்ச?"

"எங்க வீட்டுத் தரைங்க. யாரைக் கேக்கோணும்?"

"கல்லை ஒடைக்க ஒரு நாள் முழுசாப் போயிருக்கும்."

"அந்த ஒரு நாளை மிச்சம் பிடிக்க, ஒரு வாரமா இவரு அசிங்கத்தை நான் மக்குல மொண்டு கொட்டினேனுங்க. பங்களாக்காரங்க வீட்டுல இப்படிப் போடுவீங்களா? தண்ணி மேடேறிப் போகுமாண்ணா, சொல்லுங்க!"

சேகரன் கடப்பாரையை எடுத்தார். சாயங்காலத்துக்குள் கல் உடைந்தது, குழாய் புதிதாக இறங்கியது. பத்தடிக்கு மூன்று அங்குலம் வாட்டம் இருக்கிறதா என்று அளந்து, பத்து பக்கெட் தண்ணீரை ஊற்றி, அத்தனையும் தெருவோரச் சாக்கடைச் சேம்பரில் வந்து விழுவதைப் பார்த்த பிறகுதான் மண்ணை மூட விட்டாள்.

மறுநாள் சைட்டில் சேகரன் மற்றவர்களிடம், "ஜோதி பைப்புல துணியைக் கிணியைப் போட்டு அடைச்சு வெச்சிருந்தா, நான் போய் எடுத்துவிட்டேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஜோதிமணி தலையிலிருந்த கலவைப் பாண்டைக் கீழே இறக்கினாள். "துணி இல்லைங்க, கல்லு. நீங்க ஒடைக்காம விட்ட கல்லு" என்று எல்லாருக்கும் கேட்கச் சொல்லிவிட்டு வெளியே நடந்தாள். இப்போது வேறொரு மேஸ்திரியிடம் போகிறாள்.

கெம்பையன் யாரையும் கூப்பிடாமல் தானே போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறார். "அதான் சரியாயிருச்சே, விடு மணி" என்று அவர் சொன்னால் அவளுக்கு இன்னும் சுருக்கென்று வருகிறது.

"தானா ஒண்ணும் ஆகலைங்க" என்கிறாள்.